இரண்டாம் மொழியைப் புதிராகக் கொடுங்கள்

இலங்கைப் பாடசாலைகளில் இரண்டாம் மொழி கற்பிக்கப்படும் முறை மீது ஒரு குற்றச்சாட்டை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் மொழிகளாகக் கற்பிக்கப்படவில்லை, பட்டியல்களாகக் கற்பிக்கப்படுகின்றன. சொற்பட்டியல், வேற்றுமை அட்டவணை, வினைமுற்று அட்டவணை, கடந்தகால வினாத்தாள் என்று அந்தப் பட்டியல்களுக்கு முடிவே இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளை கொப்பியில் எழுதுகிறது. பரீட்சை மண்டபத்தில் அச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வருகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு படித்த பிள்ளை, மற்ற மொழிக்காரர் ஒருவர் பேருந்துத் தரிப்பிடத்தில் வழி கேட்டால் திகைத்து நிற்கிறது. பழியைப் பிள்ளையின் சோம்பல் மீது போடுவது நமது வழக்கம். நான் முறையின் மீது போடுகிறேன்.

இது பாடவிதானக் குழுக்களின் உள்வீட்டு விவகாரம் அல்ல. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் இயற்றிய நாடு இது. 1987 இல் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் புதிதாகச் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றுநிருபமும் வந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் தன் முறைப்பாட்டைத் தன் மொழியில் சொல்லி, அதே மொழியில் அது பதியப்படும் என்ற நம்பிக்கையோடு பொலிஸ் நிலையப் படியேறும் தமிழர் எத்தனை பேர்? உடம்பில் எங்கே நோகிறது என்பதை வைத்தியருக்குச் சொல்லப் பக்கத்துக் கட்டில்காரரின் துணையைத் தேடும் நோயாளி இன்றும் இருக்கிறார். சான்றிதழ்கள் பெருகியிருக்கின்றன, பேச்சு பெருகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அரச ஊழியர்களுக்கான இரண்டாம் மொழி வகுப்பு ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. வளவாளர், பரீட்சையில் வரக்கூடிய வினாக்களையும் அவற்றுக்கான விடைகளையும் சொல்லச் சொல்ல, நாற்பது வயதைத் தாண்டியவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் அந்த மொழியில் ஒரு வாக்கியத்தைத்தானும் எவரும் தாமாக அமைக்கவில்லை. அமைக்கும்படி எவரும் கேட்கவுமில்லை.

ஒரு சிறு பரிசோதனை

மாற்று வழி என்ன என்று கேட்பவர்கள், தயவுசெய்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களம் அறவே தெரியாதவர்களும் கீழே உள்ளதைச் செய்யலாம். உண்மையில் தெரியாதவர்களுக்காகவே இதைத் தருகிறேன்.

மல – பூ
மல் – பூக்கள்
மலக் – ஒரு பூ
கம – கிராமம்
கமக் – ஒரு கிராமம்
பஹன் – விளக்குகள்

இனி, இந்த ஆறு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். 'கிராமங்கள்' என்பதற்குச் சிங்களத்தில் என்ன? 'விளக்கு' என்பதற்கு என்ன? 'ஒரு விளக்கு' என்பதற்கு என்ன?

கம், பஹன, பஹனக் என்று எழுதியிருந்தால் உங்கள் விடை சரி. யாரும் உங்களுக்கு விதி சொல்லித் தரவில்லை. நீங்களே கண்டுபிடித்தீர்கள். சிங்களத்தில் 'ஒரு' என்பது தனிச்சொல்லாக முன்னால் நிற்காமல் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கண்டீர்கள். அதைவிட வியப்பான ஒன்றையும் கண்டிருப்பீர்கள். தமிழில் பன்மைக்குச் சொல் நீளும். இங்கே பன்மைக்குச் சொல் குறுகுகிறது. தமிழில் கல் என்றால் ஒன்று. சிங்களத்தில், தொடக்கத்துக் ககரத்தை மென்மையாக ஒலித்து, 'கல்' என்றால் பல. ஒன்றைச் சொல்ல 'கல' என்கிறார்கள். இதை ஓர் ஆசிரியர் விதியாகச் சொன்னால் மறுநாள் மறந்துபோகும். தானாகக் கண்டுபிடித்த பிள்ளை மறக்காது. தான் கண்டெடுத்த பொருளை யாரும் எளிதில் தொலைப்பதில்லை.

எல்லாச் சொற்களும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 'கெதர' என்றால் வீடு, வீடுகள் 'கெதரவல்'. உயிருள்ளவற்றைக் குறிக்கும் சொற்கள் வேறு வழியில் போகின்றன. ஆனால் அதுவே அடுத்த புதிர். முதல் விதியைக் கண்டுபிடித்த பிள்ளை அந்த விதி உடையும் இடத்தை ஆர்வத்தோடு பார்க்கும். விதியை மனனம் செய்த பிள்ளைக்கோ விதிவிலக்கு இன்னொரு சுமை.

புதிதல்ல இந்த வழி

இது என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. மொஸ்கோவில் 1965 இலேயே பாடசாலை மாணவர்களுக்கு மொழியியல் ஒலிம்பியாட் தொடங்கிவிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, ரஷ்ய மொழியியலாளர் அந்திரேய் சலிஸ்னியாக் இத்தகைய புதிர்களை வெளியிட்டிருந்தார். 2003 இல் பல்கேரியாவில் முதலாவது சர்வதேச ஒலிம்பியாட் நடந்தது. 2016 இல் அப்போட்டி நமக்கு அயலிலுள்ள மைசூருக்கே வந்தது. தனிநபர் போட்டியில் ஐந்து புதிர்கள், ஆறு மணித்தியாலம். மாணவர்கள் பெயரே கேள்விப்படாத மொழிகளிலிருந்து சில வாக்கியங்களும் அவற்றின் பொருளும் தரப்படும். சில வேளை பொருள்களின் வரிசையும் கலைத்துவிடப்பட்டிருக்கும். எது எதற்குப் பொருந்தும் என்று கண்டு, அந்த மொழியின் இலக்கணத்தை உய்த்துணர்ந்து, புதிய வாக்கியங்களை அமைத்துக் காட்டவேண்டும். முன்னறிவு எதுவும் தேவையில்லை. தரவும் தர்க்கமும் போதும்.

நம் மண்ணுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்துக்கும் சிங்கள எழுத்துக்கும் பொதுப் பாட்டியான பிராமி எழுத்தை வாசிக்க வழி திறந்தது எப்படி? 1837 இல் ஜேம்ஸ் பிரின்செப் சாஞ்சியிலிருந்து வந்த சிறு கல்வெட்டுகளின் படிகளை முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுள் பல ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. ஒரு புனிதத் தலத்தின் தூண்களிலும் கற்களிலும், தனித்தனியே, சிறு சிறு வாசகங்களாக, ஒரே சொல்லில் முடியும்படி மக்கள் எதை எழுதுவார்கள்? 'இது இன்னாரின் தானம்' என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல் 'தானம்' என்று ஊகித்தார். தகரமும் னகரமும் கையில் கிடைத்தன, 'இன்னாரின்' என்ற உருபும் தொடர்ந்து வந்தது, பூட்டுத் திறந்தது. அந்த எழுத்தில் பேசிய 'தேவானாம்பிய பியதசி' யார் என்ற அடுத்த முடிச்சை அவிழ்த்தவர் இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டர்னர். இலங்கையின் பாளி நூலான தீபவம்சத்தின் துணைகொண்டு, அது அசோகனே என்று அதே ஆண்டில் காட்டினார். பிரின்செப்புக்கு அகராதியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஒப்பிடுதல், ஊகித்தல், ஊகத்தைச் சோதித்தல் என்ற மூன்றும் இருந்தன. இந்த மூன்றையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு என்ன தடை?

அயல்மொழியா, அண்டைவீடா?

இந்த வழி வேறெங்கும் விட இலங்கையிலே சிறப்பாகப் பலன் தரும் என்பது என் வாதம். காரணம், இரண்டு மொழிகளும் வேறு வேறு குடும்பத்தவை ஆயினும் வாக்கியத்தைக் கட்டும் விதத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. 'மம கமட்ட யனவா' என்பதன் பொருளைச் சொல்லுக்குச் சொல் இறக்கினால் 'நான் கிராமத்துக்குப் போகிறேன்' என்று வந்துவிடும்; சொல்வரிசையை மாற்றவே வேண்டாம். 'மட்ட தேரெனவா' என்றால் 'எனக்கு விளங்குகிறது'. ஆங்கிலேயன் இங்கே 'நான்' என்று தொடங்குவான். நாமும் சிங்களவரும் 'எனக்கு' என்று தொடங்குகிறோம். பசியைச் சிங்களத்தில் 'படகினி' என்பார்கள். 'வயிற்றுத் தீ' என்று பொருள். பசியில் வயிறு எரிகிறது என்று சொல்லும் தமிழனுக்கு இதற்கு அகராதி வேண்டுமா?

பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிங்கள இலக்கண நூலான சிதத் சங்கராவில், பதினோராம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரனார் தமிழில் இயற்றிய வீரசோழியத்தின் செல்வாக்கு உண்டு என்று அறிஞர்கள் சுட்டியிருக்கிறார்கள். இலக்கணகாரர்கள் அன்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். இன்றைய பாடநூல்களோ அந்த மதிலை உயர்த்தி, அண்டை வீட்டைச் செவ்வாய்க் கிரகமாகக் காட்டுகின்றன.

செய்தித்தாள் மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். என் சிங்களம் எந்த வகுப்பறையிலும் வந்ததல்ல. ஒரே அறிக்கையின் சிங்களப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் எங்கே திரும்பத் திரும்ப வருகிறது, எந்த வால் எதன் பின்னால் ஒட்டுகிறது என்று கோடு போட்டுப் பார்த்ததில் வந்தது. இரவுப் பதிப்புக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது அந்த வேலை புதிர் என்றோ கல்வி என்றோ எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அது இரண்டுமாக இருந்தது.

சிங்களப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை சற்றுக் கடினம். பேச்சுச் சிங்களத்தில் 'யனவா' என்ற ஒரு சொல்லே நான், நீ, அவன், அவள், நாம் என எல்லோருக்கும் பொருந்தும். தமிழிலோ போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறோம் என்று வினை ஆளுக்கு ஆள் உடை மாற்றும். அட்டவணையாகப் பார்த்தால் எவருக்கும் தலை சுற்றும். ஆனால் நடந்தேன், நடப்பேன், நடந்தாள் என்ற மூன்றையும் பொருளோடு கொடுத்து, 'நடப்பாள்' என்பதை வருவித்துப் பார் என்று சொல்லுங்கள். வேரும், காலமும், ஆளும் மூன்று பெட்டிகளாகப் பிரிந்து அந்தப் பிள்ளையின் கண்முன் நிற்கும். தமிழ் வினை பூதமல்ல, ஒழுங்காகப் பூட்டிய பொறி என்று அது அறியும். அவ்வாறு கற்றவர் நாளை அரச அலுவலகத்துப் பெயர்ப்பலகைக்குத் தமிழ் எழுத நேர்ந்தால், ஓர் எழுத்துப் பிசகினால் தாய் நாயாகிவிடும் என்ற கவனமாவது அவருக்கு இருக்கும். நமது வீதியோரப் பலகைகளைப் பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மறுப்பவர்களுக்கு

இது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்பது முதல் மறுப்பு. 1958 இல் அமெரிக்க உளமொழியியலாளர் ஜீன் பெர்கோ செய்த ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. நான்கு முதல் ஏழு வயது வரையான குழந்தைகளுக்குக் கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைக் காட்டி, இதன் பெயர் 'வக்' என்றார். அடுத்து இரண்டைக் காட்டி, இவை இரண்டு என்ன என்று கேட்டார். 'வக்ஸ்' என்றார்கள் குழந்தைகள். உலகில் இல்லாத சொல்லுக்கு அவர்களாகவே பன்மை ஆக்கினார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும் மொழி கற்றலாக இருந்தால் இது நடந்திருக்காது. விதி காணும் ஆற்றல் கெட்டிக்காரரின் தனிச்சொத்தல்ல; தாய்மொழி பேசும் ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கொண்டே பேசுகிறது. பாடசாலைதான் அதை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறது.

மொழி என்பது பேசுவது, தர்க்கம் செய்வதல்ல என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. புதிர் உச்சரிப்பைத் தராது, காதைப் பழக்காது, ஆயிரம் சொற்களை வாயில் வைக்காது. மொழியியல் ஒலிம்பியாட்டில் வென்றவர் எல்லாம் அந்தந்த மொழியைப் பேசுவார் என்று நான் சொல்லவில்லை. புதிர் வாசற்கதவு. அதற்கு அப்பால் பேச்சும் வாசிப்பும் பழக்கமும் வேண்டும். ஆனால் இன்றைய முறையும் பேச்சைத் தரவில்லையே! பேச்சையும் தராமல், சிந்தனையையும் தராமல், வெறுப்பை மட்டும் தருகின்ற ஒரு முறையைக் காக்க, 'பேச்சே முக்கியம்' என்று வாதிடுவது வேடிக்கை.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடமிருந்து வருவது. "எங்கள் மேல் திணித்த மொழியை நாங்கள் ஏன் ரசித்துப் படிக்கவேண்டும்?" என்கிறார்கள். இதை நான் எள்ளி நகையாட மாட்டேன். 1956 இன் காயம் கற்பனையானதல்ல. சிங்களம் தெரியாத குற்றத்துக்காக உத்தியோகம் இழந்த தமிழ் அரச ஊழியர்களின் வீட்டுக் கதைகள் நம்மிடையே இருக்கின்றன. ஆனால் திணிப்பு என்பது எது? காரணம் சொல்லாமல், கேள்வி கேட்கவிடாமல், 'இதை ஏற்றுக்கொள், இல்லையேல் வேலையில்லை' என்பதுதானே? மனனக் கல்வியின் குணமும் அதுவேதான். அந்த மொழியை ஒரு புதிராக எடுத்து, அதன் உள்விதிகளை என் அறிவால் நானே அவிழ்க்கும்போது நான் பணிந்தவன் அல்லன், வென்றவன். தமிழில் கருமம் ஆற்றும் உரிமையை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காமலே சிங்களத்தை அறியலாம். அறியாதிருப்பது எதிர்ப்பு ஆகாது.

ஆசிரியர் இல்லை என்பது நான்காவது மறுப்பு. அதுவே என் பக்கத்து வாதம். இரண்டாம் மொழி ஆசிரியர் கிடைக்காத கிராமத்துப் பாடசாலைக்குப் புதிர்த்தாளை அனுப்பலாம். கணித ஆசிரியர் அதைக் கொடுத்து விடையைச் சரிபார்க்கலாம். இதற்குக் கணினியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

கடல் கடந்தவர்களுக்கும்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோரும் இதைச் சிந்திக்கவேண்டும். 247 எழுத்துகள் என்று தொடங்கும்போதே அந்தப் பிள்ளையின் சனிக்கிழமையை நாம் பறித்துவிடுகிறோம். உண்மையில் அது பதினெட்டையும் பன்னிரண்டையும் பெருக்கும் ஒரு கட்டம். க, கா, கி, ம, மா என்ற ஐந்தையும் ஒலியோடு கொடுத்து 'மி' எப்படி இருக்கும் என்று கேளுங்கள். எழுதிக் காட்டும். கட்டத்தின் பெரும்பகுதியை அது தானே நிரப்பும். உகர, ஊகார வரிசையில் கு, டு, மு என்று வடிவம் ஒழுங்கு மீறும்போது 'ஏன்?' என்று கேட்கும். கேட்கட்டும். தமிழைப் பார்த்து 'ஏன்' என்று கேட்கும் பிள்ளை தமிழை விட்டு ஓடாது. நொடியும் விடுகதையும் போட்டுப் பிள்ளை வளர்த்த சமூகம் நாம். பிசி என்று அதற்குத் தொல்காப்பியத்திலேயே இடமுண்டு. மற்றெல்லாப் பாடங்களிலும் சிந்திக்கச் சொல்லிக் கொடுக்கப்படும் ஒரு பிள்ளையை, தமிழ் வகுப்பில் மட்டும் ஒப்புவிக்கச் சொல்வது தமிழுக்கு நாம் செய்யும் அவமரியாதை.

என்ன செய்யலாம்?

பாடத்திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டும்படி நான் கேட்கவில்லை. மூன்று காரியங்கள் போதும். ஒவ்வொரு இலக்கண அலகும் விதியோடு அன்றி, விதியைக் கண்டுபிடிக்கும் பத்து வாக்கியங்களோடு தொடங்கட்டும். பரீட்சைத் தாளில் ஒரு வினாவாவது மாணவர் முன்பின் பார்த்திராத தரவிலிருந்து உய்த்துணரும் வினாவாக இருக்கட்டும். பரீட்சை மாறினால் ரியூட்டரி மாறும். ரியூட்டரி மாறினால் நாடே மாறும் என்பது நம் கல்வியின் எழுதாத சட்டம். அந்த வினாவை மனனம் செய்யவே முடியாது என்பதுதான் அதன் அழகு.

மூன்றாவது காரியம் என் தொழில்சார்ந்தவர்களுக்கு. 2004 நவம்பரில் லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை சுடோகுவை வெளியிடத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒன்பது கட்டத்துக்கு இடம் ஒதுக்கின. எந்த அரசாங்கமும் ஆணையிடவில்லை. எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனாலும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் மக்கள் மூளையைக் கசக்கினார்கள். தமிழ்ப் பத்திரிகை வாரம் ஒரு சிங்களப் புதிரையும் சிங்களப் பத்திரிகை வாரம் ஒரு தமிழ்ப் புதிரையும் சிறுவர் பகுதியில் வெளியிட எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சோதிடப் பத்தியின் பாதி இடம் போதும்.

ஒரு சுற்றுநிருபத்தால் எந்த மொழியும் எவருடைய நாவுக்கும் வந்ததில்லை. 'அந்த மொழி எப்படி இயங்குகிறது?' என்ற ஒரு சிறு அரிப்பு மூளையில் தொடங்கவேண்டும். அந்த அரிப்பை உண்டாக்காத பாடநூல் எத்தனை வண்ணத்தில் அச்சானாலும் பழைய தாள்தான். அமைச்சர்களும் ஆணைக்குழுக்களும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்கலாம். மேலே தந்த ஆறு வரிகளை இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மூன்று விடைகளையும் சொல்லிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அது கேட்டால், நான் சொன்ன குற்றச்சாட்டு யார்மீது என்பது உங்களுக்கு விளங்கும்.